காப்பு நிதியத்தின் எண்ணெய்

கலங்கரை விளக்கு அணைந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தபோது, சங்குத்துறை நாட்டின் அரசவைக்குள் நாச்சி நுழைந்தாள். கையில் மூடிய செம்பு. வெளியே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சேந்தனும் அவனோடு படகில் போன பதினொரு பேரும் இன்னும் கரை சேரவில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. படகு திரும்பியதும் அந்த வீட்டுப் பெண் ஓர் உழக்கு எண்ணெயை விளக்குத் தாழியில் ஊற்றுவாள். வந்தவனுக்காக நன்றி, வரவேண்டியவனுக்கு வெளிச்சம். தாழி வற்றியதாக யாருக்கும் நினைவில்லை.

மந்திரி ஆதாயசேகரரும் அந்தத் துறையில் பிறந்தவர்தான். மற்றப் பிள்ளைகள் நீந்தக் கற்றபோது, எந்தப் படகு பிந்தும் என்று கரையில் உட்கார்ந்து கற்கண்டு பந்தயம் கட்டினார். பெரும்பாலும் வென்றார். வளர்ந்ததும் தாழியை எட்டிப் பார்த்து, "இவ்வளவு எண்ணெய் சும்மா தூங்குகிறதே!" என்று வருந்தினார். காப்பு நிதியம் பிறந்தது. படகு வந்தாலும் லாபம், வராவிட்டாலும் லாபம் என்றார். எப்படி என்று கேட்டவர்களிடம், அது கணிதம் என்றார். ஜனங்கள் கணிதத்துக்குக் கும்பிடு போட்டார்கள். அரசர் மந்திரிப் பதவி கொடுத்தார்.

முதல் ஆணை: எண்ணெயை இனி நிதியத்தில்தான் ஊற்றவேண்டும். இரண்டாவது: விளக்கைப் பௌர்ணமியன்று மட்டும் ஏற்றவேண்டும், பாதி வேலையை நிலா பார்த்துக்கொள்ளும். அந்த ஆண்டு ஒன்பது படகுகள் பாறையில் மோதின. 'மூழ்கியது' என்ற சொல் சந்தையின் மனத்தைப் புண்படுத்துவதால், 'நீண்ட ஓய்வில் இருக்கிறது' என்றே சொல்லவேண்டும் என்று மூன்றாவது ஆணை வந்தது. விதவைகள் அப்படியே சொன்னார்கள். வாய் தவறியவர்களுக்கு அபராதம், ஓர் உழக்கு எண்ணெய். ஒவ்வொரு படகு ஓய்வெடுத்தபோதும் நிதியத்தின் மாளிகையில் ஒரு மாடி ஏறியது.

முந்தாநாள் பௌர்ணமி. அன்றும் விளக்கு நடுவில் அணைந்துவிட்டது.

"ராசா, பொழுது சாயப் போகுது. தாழியில ஒரு சொட்டு இல்ல. எங்க எண்ணெய் எங்க?"

அரசர் மந்திரியைப் பார்த்தார்.

"பத்திரமாக இருக்கிறது, அம்மணி. உழைத்துக்கொண்டிருக்கிறது."

"எண்ணெய்க்கு எரியறதத் தவிர வேற என்ன வேல தெரியும்?"

படைத்தலைவர் சிரித்துவிட்டார். அரசர் சிரிக்காததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அம்மணிக்குப் பொருளாதாரம் புரியாது."

"புரிய வேணாம். உங்க எண்ணெயும் வேணாம்." நாச்சி செம்பைத் திறந்தாள். "வீட்டுல கடைசியா இருந்தது. இன்னிக்கு ஒரு ராத்திரிக்குப் போதும். நானே ஏத்திக்கிறேன். விளக்குக் கோபுரத்துச் சாவிய மட்டும் குடுங்க."

"கூடாது!"

ஆதாயசேகரர் குரல் உயர்ந்ததை அவை அதுவரை கேட்டதில்லை.

"ஏன் கூடாது? எண்ணெய் என்னுது. புருஷன் என்னோட புருஷன். உங்களுக்கு என்னய்யா நட்டம்?"

படைத்தலைவர் தரையைப் பார்த்தார். அரசர் மோதிரத்தைத் திருகினார். நாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நகரவில்லை.

மந்திரி பெருமூச்சு விட்டார். மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவரைப்போல் பொறுமையாகப் பேசினார்.

"விளக்கை ஏற்றினால் அந்தப் படகு வந்துவிடும், அம்மணி. வராது என்றுதான் அக்கரை வணிகர்களிடம் பந்தயம் கட்டியிருக்கிறோம். அரசர் பங்கு, இந்த அவையின் பங்கு, இத்தனை வருஷம் நீங்கள் ஊற்றிய எண்ணெய், எல்லாம் அதில்தான் இருக்கிறது."