மூச்சு விடாதீங்க மாமா

உலகத்தில் பேசுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், பேச்சு எப்படிக் கேட்க வேண்டும் என்பதிலேயே ஆயுளைக் கழிக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. நான் அதற்கு ஒலிச்சுத்தக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்திருப்பீர்கள். அதை அச்சில் போட முடியாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். ஹால் நடுவில் நின்று பட்டென்று ஒரு கை தட்டுவார். கொசு இல்லை, எதிரொலி. "உங்க ஹால் ரொம்ப கணகணங்குது சார், ஒரு கம்பளம் போடுங்க" என்பார். போனில் கூப்பிட்டு உங்கள் வேலை போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். "என்ன, டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு? ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?" என்று கேட்பார். போன வேலை போனதுதான். துக்க வீட்டுக்குப் போனாலும் ஆளை அடக்க முடியாது. மாலையைப் போட்டுவிட்டு, கைகட்டி ஒரு ஓரமாக நின்று, கண்ணீரோடு பக்கத்து ஆளிடம், "இந்த ரூம்ல சத்தம் நல்லா அடங்குது, கவனிச்சீங்களா?" என்பார்.

ஊரெல்லாம் தேடினாலும் இவர் பதிவு செய்த ஒரு முழுப் பேச்சோ, ஒரு முழுப் பாட்டோ கிடைக்காது. அவருடைய லேப்டாப்பைத் திறந்தால் டெஸ்ட், புது டெஸ்ட், கடைசி டெஸ்ட், இதுதான் கடைசி டெஸ்ட் என்று வரிசையாக இருக்கும். எதைத் தட்டினாலும் ஒரே வசனம்: "செக்... செக்... ஒன்... டூ..." மூன்று என்ற எண் ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று எனக்குச் சகலையாக வாய்த்திருக்கிறது. என் மனைவியின் தங்கை புருஷன். குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'செக்' என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் செக் ஒரு வெளி மைக் வாங்கினார். பச்சைக் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுப்பது போல் எடுத்தார். முழங்கை மாதிரி மடங்கும் ஒரு ஸ்டாண்டு, 'ப' என்றால் காற்று வெடிக்காமல் இருக்க வாய்க்கு முன்னால் ஒரு வட்டத் துணி வடிகட்டி, காதை முழுசாக விழுங்கும் ஹெட்போன். அன்று எங்களுக்கு ஒரு பாடம் நடந்தது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும், நேருக்கு நேர் வைக்கக் கூடாது, கொஞ்சம் சாய்க்க வேண்டும், வெற்றுச் சுவருக்குப் பக்கத்தில் ஆகாது, லேப்டாப் விசிறி இரையும் என்பதால் லேப்டாப்பைத் தள்ளி வைக்க வேண்டும். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் இவர்களோடு தொல்லை. சொல்வதெல்லாம் சரியாக இருப்பதால் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, தொண்டையில் கட்டி என்று தெரிந்தது.

மாமா பெரிய பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால், ஓடுகிறவன் நிற்பான், நிற்கிறவன் ஓடுவான். அதே குரலில் தன் இரண்டு பெண்களுக்கும் தினமும் ஒரு கதை சொல்லித் தூங்க வைத்திருக்கிறார். மிருகங்கள் எல்லாம் ஒரு பஸ்ஸில் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று இறங்கும். "கடைசி நிறுத்தம், தூக்கம். மீதமுள்ள பயணிகள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும்" என்று முடியும். அப்பா ஊரில் இல்லாத நாட்களில் அக்காவும் தங்கையும் அந்தக் குரலையே ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டித் தூங்கினார்களாம். கல்யாணமான புதிதில் என் மனைவி சொன்னாள். அப்போது சிரித்தேன், இப்போது சிரிப்பதில்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன். கட்டி போய்விடும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் பழையபடி வராது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதுவரைக்கும் சத்தம் போட்டுப் பேச வேண்டாம், தொண்டையை வருத்த வேண்டாம் என்றும் சொன்னார். தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். அக்காவும் தங்கையும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பிறக்கப்போகிற குழந்தைக்கு அப்பாவின் குரலில் அந்தக் கதை வேண்டும்.

"என் போன்லயே எடுத்துடறேன்" என்றாள் என் மனைவி.

செக் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அக்கா, இது காலத்துக்கும் இருக்கப்போற பொக்கிஷம். போன்ல எடுக்கறதா? ஞாயித்துக்கிழமை காலைல என்கிட்ட விட்டுடுங்க."

விட்டுவிட்டோம். ஞாயிறு காலை படுக்கையறை ஜன்னலில் மெத்தை தொங்கியது, கதவில் போர்வை தொங்கியது. கட்டிலில் மாமா, அவர் வாயிலிருந்து ஒரு சாணில் மைக். ஒயர் தரையோடு நீண்டு போய், அறையின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செக்கின் மடியில் இருக்கும் லேப்டாப்பில் முடிந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு, சத்தத்துக்குத் தகுந்தபடி ஆடியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காட்டு வழியாகத் தூக்கம் வரை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது. முதலில் யானை ஏறுகிறது..."

"கட்!"

யானை ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றது.

"ஒரு இரைச்சல் வருது மாமா. ஃபேனா இருக்கும்."

ஃபேனை அணைத்தோம். யானை மறுபடி ஏறியது. கட்! இரைச்சல் இருந்தது. ஃப்ரிட்ஜை அணைத்தோம், பால் கெட்டது. இரைச்சல் கெடவில்லை. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினோம். என் மனைவியின் வளையல்களைக் கழற்றச் சொன்னார். மாடி வீட்டில் துவைக்கிற மெஷின் ஓடுகிறது என்று என்னை அனுப்பினார். நான் போய்ப் பல்லைக் காட்டிக் கெஞ்சி, பாதி நனைந்த துணியோடு அதை நிறுத்த வைத்தேன். கீழே வந்தால், "அது இல்லண்ணே, வேற ஏதோ" என்றார். ஒவ்வொரு முறையும் கெட்டுப்போன பதிவை உடனுக்குடன் அழித்தார். அசுத்தம் அவருக்குப் பிடிக்காது.

"மாமா, உங்க குரல் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. கொஞ்சம் சத்தமா."

"டாக்டர் சத்தமா பேசக் கூடாதுன்னாரேங்க" என்றாள் தங்கை.

"ஒரே ஒரு தடவைதான். இன்னும் கொஞ்சம் சத்தமா மாமா. இன்னும்."

மாமா தொழில்காரர். மைக்குக்காரன் சொன்னால் கேட்டே பழக்கம். அறை அடுப்பாக இருந்தது, மனுஷன் வியர்வையில் குளித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். யானை ஏறி ஏறி இறங்கி அதற்கே கால் வலித்திருக்கும். சிங்கத்துக்கு அன்று பஸ்ஸே கிடைக்கவில்லை.

மத்தியானம் ஆனது. செக் அடுத்த பதிவை ஓடவிட்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் கேட்டார். பிறகு கண்டுபிடித்துவிட்ட குரலில் சொன்னார்: "மாமா, நீங்க மூச்சு விடற சத்தம் கேக்குது. கொஞ்சம் மூச்சு விடாம சொல்றீங்களா?"

தங்கை எழுந்தாள். ஏழு மாத வயிற்றோடு, மூக்கு சிவக்க, "அவர் மூச்சு விடட்டும், நீங்க வாய மூடுங்க! ஃபேனைப் போடறேன்" என்று சுவிட்சை நோக்கி நடந்தாள். கால் ஒயரில் மாட்டியது. நல்லவேளை, நான் தோளைப் பிடித்துவிட்டேன். ஒயர் லேப்டாப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

செக் "ஐயோ!" என்றார். பச்சைக் கோடு துள்ளியது.

எல்லோரும் பார்த்தோம். ஒயர் தரையில் கிடந்தது. "இது எப்படி..." என்றார் செக். கோடு மறுபடி ஆடியது. அவர் மூச்சு விட்டார், அதற்கும் ஆடியது.

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப்பில் திரைக்கு மேலே ஊசிமுனை அளவுக்கு ஒரு மைக் பிறவியிலேயே உண்டு. புது மைக்கைச் சொருகினால் மட்டும் போதாது, இனிமேல் இதைக் கேள் என்று செட்டிங்ஸில் ஒரு தரம் சொல்ல வேண்டும். செக் எல்லாருக்கும் எல்லாம் சொன்னார், லேப்டாப்புக்கு மட்டும் சொல்லவில்லை. காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டிருந்தது அதன் சொந்த விசிறியை. கிணற்றுக் குரல், அறையின் அந்தக் கோடியில் இருந்த மாமாவுடையது. மூச்சு, செக்குடைய மூச்சு.

மாமா மைக்கைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். சிரித்தார். கட்டில் குலுங்கக் குலுங்க, பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "காலைலேருந்து இந்தத் துணி வடிகட்டிக்கா மாப்பிள்ளை கதை சொன்னேன்?" என்று கேட்டு மறுபடி சிரித்தார். மெத்தைக்குப் பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நான் போட்ட ஃபேன் சுற்றியது. இரண்டு பெண்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

செக் செட்டிங்ஸை மாற்றினார். இப்போது எல்லாம் சரி. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பயணிகளின்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் காற்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேத்தி பிறந்தாள். மாமா அவளுக்குத் தினமும் அந்தக் கதையைச் சொல்கிறார், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு குரலில். குழந்தை தூங்கிவிடுகிறது, தாத்தா என்றால் அப்படித்தான் பேசுவார் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. என் மனைவி மட்டும் அந்த நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். எனக்கு அந்த மனுஷனை நினைத்தால் வருத்தமும், செக்கை நினைத்தால் அடிக்கலாம் போலவும் இருக்கும்.

அழிபடாமல் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒயர் பிடுங்கியபோது ஓடிக்கொண்டிருந்த பதிவு. அதில் தங்கையின் திட்டு, செக்கின் ஐயோ, ஹாரன், ஃபேன், எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் சிரிப்பு. அவருடைய பழைய குரல் இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

செக் அதைச் சுத்தம் செய்கிறார். போன வாரம் போயிருந்தபோது ஹெட்போனை என் தலையில் மாட்டி, "இரைச்சல் எல்லாத்தையும் எடுத்துட்டேன் அண்ணே, கேளுங்க" என்றார். கேட்டேன். ஹாரன் இல்லை. ஃபேன் இல்லை. சிரிப்பும் இல்லை. லேப்டாப் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது.

"எவ்வளவு சுத்தம் பாத்தீங்களா!" என்றார்.

பயப்படாதீர்கள். சுத்தம் பண்ணாத பிரதி ஒன்று என் மனைவியின் போனில் இருக்கிறது. அது செக்குக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் இந்த இனமில்லை என்றுதானே இவ்வளவு நேரம் சிரித்தீர்கள்? நல்லது. யாருடைய குரலையோ பதிந்து வைத்துக்கொள்ள நினைத்து, வீடு கொஞ்சம் அமைதியாகட்டும், நல்ல மைக் வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தால் மட்டும், இப்போதே எழுந்து போய் அந்த ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். பச்சைக் கோடு இன்னும் ஆடுகிறதா?

ஆடினால், இத்தனை நாள் நீங்கள் குறை சொன்ன இரைச்சல் உங்கள் மூச்சுதான்.