மீன் தொட்டியைக் காலி செய்த உன் பாடம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் மெத்தையைத் தவிர அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி புகார்.

நாற்பது வருடங்களுக்கு முன்பு தொலைக்காட்சியில் நீ நடத்திய அறிவியல் பாடம் ஒன்றை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். என் மகன் கண்டுபிடித்து, "அப்பா, அத்தை எவ்ளோ ஒல்லியா இருக்காங்க பாருங்க" என்று பெரிய டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பேத்திகள் இருவரையும், அதாவது எட்டு வயது வாலுவையும் ஆறு வயது அரைவாலுவையும், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். உன் நிகழ்ச்சியை நிறுத்திய அன்று, டிவி நிலைய வாசலில் நீ அழுதபோது, "விட்டுத் தள்ளு, யாரு பாத்தா அதை?" என்று சொன்னேனே, அதிலிருந்து நீயும் ஊர் மாறி, வருஷத்துக்கு ஒரு போன், "நல்லாருக்கீங்களாண்ணா, வச்சிடறேன்" என்று ஆகிவிட்டாயே, நான் சொன்னது சரிதான் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளை வைத்தே நிரூபித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு நிமிடம் வெற்றி என் பக்கம்தான். அரைவாலு கொட்டாவி விட்டாள். அப்புறம் நீ ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"தாத்தா, ஹேங் ஆயிடுச்சு," என்றாள் வாலு.

"இல்லடி, பதிலுக்குக் காத்துட்டிருக்கா."

"யாரோட பதிலுக்கு?"

"உங்க பதிலுக்குத்தான்."

இருவரும் விழித்தார்கள். அவர்கள் பார்க்கிற எதுவும் அவர்களுக்காக இதுவரை காத்திருந்ததில்லை போலும். அரைவாலு தயங்கித் தயங்கி, "தண்ணி கீழதான் போகும்," என்றாள். "சரியாச் சொன்னீங்க!" என்று நீ சிரித்தாய். "தாத்தா, அவங்களுக்குக் கேட்டுடுச்சு!" என்று அவள் சோபாவில் ஏறிக் குதித்தாள். என் கண்ணாடியில் என்னவோ ஈரம். துடைக்க எழுந்து போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

குழாயில் தண்ணீரை நிரப்பி, விரலால் அடைத்து, ஒரு முனையை மேலே இருக்கும் பாத்திரத்திலும் மறுமுனையைக் கீழேயும் விட்டால் தண்ணீர் தானாக ஏறி இறங்கும் என்று நீ காட்டியிருக்கிறாய், இவர்கள் செடிக்கு ஊற்றும் குழாயை எடுத்து என் கட்டிலருகே உள்ள மீன் தொட்டியில் விட்டிருக்கிறார்கள், கீழே வைத்ததோ என் முகம் கழுவும் சின்ன வாளி, அது நிரம்பி வழிய, குழாய் நழுவி மெத்தையில் விழ, "எப்படி நிறுத்தறதுன்னு அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லி நீ கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாய்! நான் ஓடி வந்து குழாயைப் பிடுங்குவதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் நனைந்த துணியோடு வந்து நின்றார். "சார், உங்க வீட்ல மட்டும் மழையா?" என்றார். வாலு அவரை உட்கார வைத்து முதலிலிருந்து விளக்கினாள். "அடேங்கப்பா! மறுபடி போடு பாப்பா," என்று அவரும் முழுப் பாடத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மாலையில் மருமகள் வந்தாள். குக்கரைத் திறந்தாள். மூன்று மீன்களும் அதில் நீந்திக்கொண்டிருந்தன. "மாமா, இதையே போன்ல ரெண்டு நிமிஷத்துல பாத்திருந்தா வீடு நனைஞ்சிருக்காது," என்றாள். நியாயமான பேச்சு.

ஆகவே, உன் நிகழ்ச்சியால் இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சேதம்தான் மிச்சம் என்று தெரிவித்துக்கொள்கிறேன். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மேலே இருப்பதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். இது உனக்கு மட்டும். யாரு பாத்தா என்று கேட்டேனே, நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு, டிவி விற்கும் கடையின் வாசலில் நின்று பார்த்தேன். உனக்கு நிரந்தர வேலையில்லையே என்ற பதற்றத்தில், அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்காது. நீ என்ன கேட்டாய் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவை வந்துட்டுப் போம்மா.