ஏர் சாரும் நாற்பது ஏழுமலைகளும்

கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிற இன்ஜினியர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். செஞ்சியில் நான் பியூனாக இருக்கும் வேளாண்மை வங்கியில் அவர் மூன்று வருடம் வேலை பார்த்தார். மேல்மலையனூர் அங்காளம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கொஞ்சம் கூட்டியிருந்தால் அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

ஊரே அவரை 'ஏர் சார்' என்றுதான் கூப்பிட்டது. வந்த முதல் நாள், கறவை மாட்டுக் கடன் கேட்டு வந்த ஒரு பெரியம்மாவிடம், "எரர் வருதும்மா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். அந்தம்மா மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தது.

"இன்னாபா, ஏரு வருதுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே, எந்த வண்டியில வருது? நான் மாடுதான கேட்டேன்?"

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் வேலை செய்கிற விதமே தனி. புதிதாக ஒரு புரோகிராம் எழுதினால் படித்தவர்களைப் பக்கத்திலேயே சேர்க்க மாட்டார். எட்டாவது பெயிலான என்னைத்தான் உட்கார வைப்பார்.

"அண்ணே, எதுவுமே தெரியாத மாதிரி அமுக்குங்க."

"சார், எனக்கு நெஜமாவே எதுவும் தெரியாது."

"உங்கள மாதிரி ஒரு ஆளத்தாண்ணே இவ்ளோ நாளா தேடினேன்!"

நான் அமுக்குவேன். திரை சிவப்பாகும். அவர் கைதட்டுவார். பிறகு கம்ப்யூட்டரைக் கும்பிட்டு, "சாரி, தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவார்.

அமாவாசைதோறும் சர்வர் பெட்டிக்கு நான் குங்குமம் வைப்பேன். "ஐயோ, ஃபேனுக்குள்ள போவுதுண்ணே!" என்று அலறுவார். சாமி விஷயம், நான் நிறுத்தவில்லை. கடைசியில் அவரே பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, 'குங்குமம் இங்கே' என்று எழுதி வைத்தார்.

அப்படிப்பட்டவருக்கு வினையாக வந்தவர் வல்லம் பக்கத்து ஏழுமலை. மகளுக்கு இரண்டு நாளில் கல்யாணம். கடனைக் கட்டி முடித்துவிட்டு, அடகில் இருந்த சங்கிலியை வாங்கிப்போக வந்திருந்தார். அவர் பெயரில் வரும் 'ழ'வுக்கு ஆதாரில் இங்கிலீஷ் 'எல்'. எங்கள் கணக்கில் 'இசட் எச்'. எங்கள் பக்கத்து வாய்க்கு ஏழுமலையும் ஏலுமலையும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அவர்கள் வேறு வேறு ஆள். நகையைத் தரமாட்டேன் என்றுவிட்டது.

"நான்தான் சார் ஏலுமல! என் நைனா வெச்ச பேரு சார்! பொண்ண வெறுங்கழுத்தோட எப்டி சார் அனுப்புவேன்?" என்று கவுண்டரிலேயே அழுதுவிட்டார்.

ஏர் சாருக்கும் கண் கலங்கியது. "எப்படி எழுதினாலும் ஏழுமலை ஏழுமலைதான்" என்று புரோகிராமை அப்போதே மாற்றினார். மாற்றியதும் அது, 'உங்கள் நகை தயார். நாளை வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பியது. வல்லத்து ஏழுமலைக்கு மட்டுமா? எங்கள் வங்கியில் கணக்கு வைத்திருந்த அத்தனை ஏழுமலைக்கும்!

மறுநாள் காலையில் வாசலில் நாற்பது ஏழுமலைகள். பாதிப் பேர் பெண்டாட்டியோடு.

"நீ இன்னா நகை வெச்ச?"

"நான் வெக்கவே இல்லபா. ஆனா ரெடியா இருக்குதாம்."

"எனக்குத் தெரியாம யாரு நகைய்யா அது?" என்று ஒரு அம்மா புருஷன் சட்டையைப் பிடித்துவிட்டது.

மேனேஜர் ஆடிப்போய்விட்டார். "ஹெட் ஆபீஸ் தெரிஞ்சா உன் வேலையே போயிடும்யா! எல்லாரையும் திருப்பி அனுப்பு. நகையெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நாளைக்குக் கல்யாணம் சார்" என்றார் ஏர் சார். சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். அங்காளம்மா, இந்தப் பிள்ளையைக் காப்பாத்து என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா, தப்பு என்னுது. உங்க ஊர்ல உங்கள எப்படிக் கூப்புடுவாங்க? அத மட்டும் சொல்லுங்க."

"புல்லட் ஏலுமல!"

"மூணு மோட்டார் ஏலுமல!"

"கோர்ட்டு ஏலுமல!"

வல்லத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அழுமூஞ்சி ஏலுமல சார்" என்றார்.

"ஆமா சார், பொறந்ததுலேந்தே அப்டித்தான்!" என்று அவர் ஊர்க்கார ஏழுமலைகள் மூன்று பேர் முன்னால் வந்தார்கள். இவர்தான் அவர் என்று சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள். கைரேகையும் போட்டோவும் பொருந்தின. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார். மத்தியானத்துக்குள் சங்கிலி அழுமூஞ்சியார் கையில் இருந்தது. அதற்கும் அழுதார்.

ஏர் சாருக்கு வேலை போகவில்லை. அடுத்த மாதமே சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய் எல்லாக் கிளைக்கும் 'ஊரில் அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டாராம்.

சங்கிலி கிடைத்த மறுநாள் அந்தக் கல்யாணத்துக்கு நானும் ஏர் சாரும் போயிருந்தோம். முன்னால் வரச்சொல்லி எவ்வளவு கூப்பிட்டும் வராமல், சார் கடைசி வரிசையில் நாற்காலிமேல் கைவைத்து எம்பி எம்பிப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு கழுத்துல சங்கிலி நல்லா இருந்துச்சுல்ல?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

நான் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. தாலி கட்டி முடிகிற வரைக்கும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.