பறியைக் கடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னவள்

சொன்ன பேச்சு கேட்காதவர்களால் வரும் தொல்லையைப் பற்றி ஊரே பேசுகிறது. சொன்னதற்கு ஒரு பிடி கூடுதலாகவே கேட்பவர்களால் வரும் தொல்லையை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் அந்த இரண்டாவது ரகம். பள்ளிக்கூடத்தில் பத்து முறை எழுது என்றால் இருபது முறை எழுதிக்கொண்டு போய் நிற்பேன். (அந்த வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடையாது.)

பொன்னேரியிலிருந்து கல்யாணமாகி பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்த இரண்டாம் வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். "உன் இஷ்டம்" என்று தூங்கப் போய்விட்டார். அத்தை, அதாவது என் மாமியார், லேசில் விடவில்லை. மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "எந்தச் சாமிய வேணா கும்புட்டுக்க. வூட்டு வேலைல கொற வெக்காம கும்புடு." அப்படி வாங்கியதுதான் என் ஞாயிற்றுக்கிழமைக் காலை. அது எனக்கு உயிர்.

ஒரு ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், "கர்த்தருக்குக் கீழ்ப்படியறது ஞாயித்துக்கெழமை வேலை இல்லை, தினசரி வேலை. இந்த ஒரு வாரம் சின்னதா ஒண்ணு செய்யுங்க. ஒவ்வொரு நன்மைக்கும் மனசுக்குள்ள மட்டும் இல்லாம, வாயைத் திறந்து நன்றி சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் அன்று மதியமே ஆரம்பித்துவிட்டேன்.

சிலிண்டர் வந்ததா, ஸ்தோத்திரம். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, ஸ்தோத்திரம். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மனுஷர், பால் பொங்காமல் தப்பியதற்கு நான் சொன்ன ஸ்தோத்திரத்தில் கட்டிலைவிட்டு எகிறிக் குதித்து, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமைதான் என் நாத்தனார் தேவியைப் பெண் பார்க்க ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. "என் மருமவ கையால புடிச்ச எறாவுல கொழம்பு வெச்சிப் போடறேன், வாங்க" என்று அத்தை போனிலேயே அளந்துவிட்டிருந்தார். முதல்நாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தோ பாரு செல்வி. தேவி கல்யாணம் அந்தச் சோத்துலதான் கீது. நாளைக்கு எதுனா சொதப்புன, நாளான்னிக்கி கோயிலு கீயிலுன்னு வாசல தாண்டக் கூடாது. ஆமா."

"சரிங்கத்த" என்றேன்.

எங்கள் ஊரில் இறால் பிடிக்க வலையோ படகோ வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி உண்டு. கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஏரியில் இறங்கிய பெண்கள் பேசுவதில்லை. (எங்கள் ஊர் ஆண்களுக்கு ஏரியைப் பிடிக்கும் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.)

இதையெல்லாம் யோசித்திருந்தால் நான் ஏன் இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன்?

விடிந்ததும் இறங்கினோம். முதல் இறால் கையில் பட்டது. நன்மை. நன்றி சொல்லியாக வேண்டும். வாயில் பறி. பல்லைக் கடித்தபடியே "ழ்ழோழ்ழிழம்" என்றேன். அடுத்த இறாலுக்கும் அதே. பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த கஸ்தூரி அக்கா தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாடி, பல்லு வலியா?" என்றார். பதில் சொல்ல முடியாமல் தலையை ஆட்டினேன். "அப்ப கெளுத்தி முள்ளு குத்திச்சா?" அதற்கும் ஆட்டினேன். "காத்து கருப்பு எதுனா..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு பத்தடி தள்ளிப் போய்விட்டார்.

மூன்று மணி நேரத்தில் பறி கனத்தது. கழுத்து விண்விண் என்று தெறித்தது. இன்னும் ஒரு கை இறால் போதும், கரை ஏறிவிடலாம். அப்போதுதான் சேற்றுக்குள் ஒன்று என் உள்ளங்கையை உதைத்தது. அமுக்கித் தூக்கினேன். அம்மாடி! முழங்கை நீளம் என்று சொல்ல ஆசைதான். சத்தியத்துக்கு ஒரு சாண். அத்தனை பெரிய இறாலை நான் அதுவரை பிடித்ததே இல்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

அட்சரசுத்தமாக, ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பறி தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது. உள்ளே இருந்ததெல்லாம் என் முழங்காலைச் சுற்றித் துள்ளிக்கொண்டு கிளம்பிப் போயின. நான் பறியைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே கொஞ்சம் பாசி இருந்தது. அதற்குள் ஏரியில் தண்ணீரும் ஏறத் தொடங்கிவிட்டது, இனித் துழாவ முடியாது.

கஸ்தூரி அக்காவும் மற்றவர்களும் அதற்கு முன்பே கரையேறிப் போயிருந்தார்கள். ஒரு கையில் காலிப் பறி, மறு கையில் அந்த ஒற்றை இறால். வழியெல்லாம் அழுதேன். அழுதுகொண்டே பொய்யும் தயார் செய்தேன். ஏரியில் இன்று இறாலே இல்லை. இல்லை, நாய் துரத்தியது. இல்லை, மயக்கம் வந்தது. மயக்கம்தான் நன்றாக இருந்தது. லேசாகத் தள்ளாடி நடந்துகூடப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் செருப்புகள். வந்தேவிட்டார்கள்! உள்ளே மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு தாய்மாமன். அத்தை என் பறியை எட்டிப் பார்த்தார்.

"எறா எங்கடி?"

வாயைத் திறந்தேன். மயக்கம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு வாரமாகக் கர்த்தரை ஸ்தோத்திரித்த வாய். அதிலிருந்து பொய் வெளியே வரமாட்டேன் என்றது. பாழாய்ப்போன கீழ்ப்படிதல்!

"பறி ரொம்பிடுச்சு அத்த. கடைசியா இந்தப் பெரிய எறா கெடச்சுது. சந்தோசத்துல ஸ்தோத்திரம்னு கத்திட்டேன். பறி வுழுந்துடுச்சு. எல்லாம் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து, என் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் மனதுக்குள் அடக்க ஆராதனையே நடத்திவிட்டேன்.

திடீரென்று மாப்பிள்ளையின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சும்மா சிரிப்பு இல்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"நீயாவது சாமியக் கூப்ட்டு வுட்ட! நானு எங்கூட்டுக்காரர திட்டத் தொறந்த வாயிலயே மூணு பறி வுட்டுக்கிறேன். எங்க மாமியாராண்ட நண்டு கடிச்சிடுச்சினு சொன்னேன். இத்தினி வருசத்துல இன்னைக்குத்தான் நெசத்த சொல்றேன்" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "இன்னா சம்மந்தி, மருமவ மாமியாருக்கு நேரா நின்னுக்கினு உள்ளத சொல்ற வூடு. இங்க பொண்ணு எடுக்க இன்னா யோசன? கருவாடு கீதில்ல? அதப் போடு, துன்லாம்" என்றார்.

சம்மந்தி! நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வந்த மூச்சு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அன்று விருந்து கருவாட்டுக் குழம்பு, கூடவே வறுத்த இறால் ஒன்று. ஒன்றுதான். அது மாப்பிள்ளை இலைக்குப் போனது. அவர் அதைப் பாதியாகப் பிய்த்து, "இது அவங்களுக்கு" என்று தேவிக்குக் கொடுத்தனுப்பினார். இன்றைக்கும் அந்த வீட்டில் இருவருக்கும் சண்டை வந்தால், "பாதி எறா குட்த்து ஏமாத்துன ஆளுதான நீ" என்றுதான் தேவி ஆரம்பிக்கிறாள்.

மறுநாள் காலை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். கோயிலுக்குப் போகலாமா என்று கேட்கும் தைரியமே இல்லை. போர்வையைப் பிடுங்கி எறிந்தது அத்தைதான்.

"எழுந்திரு, கோயிலுக்கு நேரமாவுது. உங்க சாமியாண்ட சொல்ல வேண்டியத எல்லாம் அங்கியே முழுசா சொல்லி முடிச்சிட்டு வா. ஏரிக்கு மிச்சம் வெக்காத."

பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் இதைச் சொல்லித்தான் என்னை அனுப்பி வைக்கிறார்.