தொட்டில் சிவந்த நாள்

"தொட்டிலைத் தொடாதே!"

ஆய்வாளர் போட்ட சத்தத்தில் மனைவியின் கையிலிருந்த மெத்தை நழுவி விழுந்தது.

"ஏங்க, நம்ம பொண்ணு படுத்து வளர்ந்த தொட்டில்தானே? பேரன் இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவான்."

"அதனாலதான் சொல்றேன். அந்தக் காலத்துப் பெயிண்ட். ஈயம் கலந்திருந்தா? பிள்ளை வாய் வச்சுக் கடிச்சா மூளையில்ல கெட்டுப்போகும்!"

வீடுகளிலும் வீட்டுச் சாமான்களிலும் ஈயப் பெயிண்ட் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவருடைய உத்தியோகம். தேறாததையெல்லாம் சிவப்பு மையில் எழுதித் தள்ளுவதால், கடைக்காரர்களிடையே அவருக்குச் 'சிவப்புப் பேனா' என்றே பெயர்.

நோட்டில் 'தொட்டில்' என்று எழுதிக்கொண்டார். சோதனைக் குச்சியின் பஞ்சு நுனியை விரலால் நசுக்கினார். உள்ளிருந்த மருந்து கசிந்து பஞ்சு நனைந்தது. தொட்டிலில் தேய்த்தார். ஈயம் இருந்தால் பஞ்சு சிவக்க வேண்டும்.

சிவந்தது.

"பாத்தியா?"

தொட்டில் வாசலுக்குப் போனது. "சரி, கட்டில்ல படுக்க வச்சுக்கலாம்," என்றாள் மனைவி. நோட்டில் கட்டில் ஏறியது. குச்சி சிவந்தது. கட்டிலும் வாசலுக்குப் போனது. பின்னாலேயே நாற்காலி, அலமாரி. ஜன்னலைக் கழற்ற முடியவில்லை. பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினார். வீடு வெந்தது.

எவர்சில்வர் டம்ளரில் தேய்த்த குச்சியும் சிவந்தபோது மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"டம்ளருக்கு யாருங்க பெயிண்ட் அடிச்சா?"

"சாமானை இழுத்ததுல தூசி பரவிடுச்சு. உன் கையைக் காட்டு."

காட்டினாள். குச்சியைத் தேய்த்தார். சிவந்தது.

"அப்ப என்னையும் வாசல்ல போடப் போறீங்களா?"

வாசலில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். பொம்மைக் கடைக்காரர். கையில் மனு.

"ஐயா, போன வாரம் எங்க மரப்பொம்மை முந்நூறையும் தள்ளிட்டீங்க. மறுபடி ஒரு தடவை பாத்தீங்கன்னா..."

"குச்சி பொய் சொல்லாதுய்யா!"

மனுவைப் பிடுங்கி 'முடியாது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் போகவில்லை. மனுவின் ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள், தோளில் ஐந்து மாதப் பேரன்.

"என்னப்பா இது, வீடே தெருவுல நிக்குது?"

"உள்ளே வராதேம்மா! எங்க பாத்தாலும் ஈயம். இப்படியே திரும்பிப் போயிடு. சுத்தம் பண்ணிட்டுச் சொல்றேன்."

"பிள்ளையைத் தூக்கிட்டு முதல் தடவையா வர்றேன். படியேறாதேங்கிறீங்களா?" மகளின் குரல் உடைந்தது. "இப்பப் போனா அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டேன்பா."

பேரன் தாத்தாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினான். ஐந்து மாதமாகப் போட்டோவில் மட்டும் பார்த்த சிரிப்பு. ஆய்வாளர் தன் சிவந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். காலையிலிருந்து எட்டு தடவை சோப்புப் போட்டாயிற்று. கழுவிவிட்டு வந்து அடுத்த பொருளை நோட்டில் எழுதினால் மறுபடி சிவந்துவிடுகின்றன. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஈயம் உடம்பிலேயே ஊறிவிட்டதோ?

"தாத்தா தொடக் கூடாதுடா, கண்ணு," என்றார். கண் கலங்கிவிட்டது.

மகள் காரை நோக்கித் திரும்பினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் பொம்மைக் கடைக்காரர்.

யாரையும் கேட்காமல் ஆய்வாளரின் சோதனைப் பெட்டியிலிருந்து புதுக் குச்சி ஒன்றை எடுத்தார். தன் விரலால் நசுக்கினார். வாசலில் கிடந்த தொட்டிலில் மேலும் கீழுமாகத் தேய்த்தார். கட்டிலில் இன்னொன்று. இரண்டு பஞ்சும் பால் போல வெள்ளையாகவே இருந்தன.

பிறகு மனுவை விரித்துக் காட்டினார். 'முடியாது' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், கொழுகொழுவென்று ஒரு சிவப்புக் கட்டைவிரல் ரேகை.

"குச்சி பொய் சொல்லலைங்க ஐயா, உங்க பேனாதான் ஒழுகுது. எங்க முந்நூறு பொம்மையையும் இதே கையாலதானே சோதிச்சீங்க?"