சுவருக்கு நான் பொறுப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், அது ஒத்துழைக்க மறுக்கிறது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அதிலும் நீ வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மிக நலமாக இருக்க வேண்டும். அன்றுதானே தீயணைப்பு அதிகாரியாக நீ நம் கல்லூரிப் பிள்ளைகளின் ராக்கெட் என்ஜின் சோதனைத் தளத்தைப் பார்வையிட வருகிறாய். உன் கையெழுத்து விழுந்தால்தான் அன்றே என்ஜினைப் பற்றவைக்கலாம். மாதம் முடிந்தால் படிப்பும் முடிந்து ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அதற்குள் பற்றவைக்காவிட்டால் உன் அக்கா மகளும் அவள் கூட்டாளிகளும் இரண்டு வருடம் பட்ட பாடு விழலுக்கு இறைத்த நீர்தான்.

ஆகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நீ தைரியமாக வா. இந்த ராக்கெட் பறக்காது. என்ஜினை மட்டும் இரும்புச் சட்டத்தில் இறுக்கி மாட்டி, எட்டு விநாடி எரியவிட்டு, எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பார்கள். "பறக்காத ராக்கெட்டுக்கா இத்தனை அமர்க்களம்?" என்று உன் அக்கா கேட்டாள். வழிகாட்ட இரண்டு பேர். என்ஜினுக்கு ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மா ஒருவர், பிள்ளைகள் மேடம் என்பார்கள். கட்டடத்துக்கு நான். முப்பத்தொரு வருடம் வீடு கட்டியவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முதலில் என்ஜினைத் தாங்க ஆள் உயரக் கான்கிரீட் கட்டை ஒன்று போட்டேன். யானை மோதினாலும் அசையாது. மேடம் வந்து அதை ஒரு சுற்று சுற்றினார். "சார், இது ஏன் இந்தப் பக்கம் இருக்கு?" என்றார். "நெருப்பு இந்தப் பக்கம்தானே மேடம் வரும், அங்கதானே பலம் வேணும்?" என்றேன். அவர் ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் கையை விட்டார். காற்று என் முகத்தில் அடித்தது, பலூன் எதிர்ப்பக்கம் பறந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, பிள்ளைகள் எதிரில் புரிய வைத்திருக்க வேண்டாம். கட்டையை உடைக்க மனமில்லாமல் அவர்கள் என்ஜினையே திருப்பி வைத்துவிட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்போது நெருப்பு போகிற திசையில் உங்கள் இலாகாவுக்காகவே நான் வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதை நகர்த்த வேண்டும், அதுவோ நிறைந்திருந்தது, நிரப்பியவனும் நானே, எனவே நானே திறந்துவிட்டேன். தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகும் என்பது தெரியும், அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளைகள் வயர் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. உன் அக்காவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் நாலு நாள் காயவைத்தார்கள். இப்போது வயர்கள் எல்லாம் சருகாகக் காய்ந்து கிடக்கின்றன, கவலை வேண்டாம்.

கடைசியாகக் கட்டுப்பாட்டு அறை. என்ஜின் வெடித்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாதபடி, என்ஜினைப் பார்த்த பக்கம் ஒன்றரை அடி கனத்தில் சுவர். கைப்பழக்கம் பார், காற்றோட்டத்துக்கு அந்தச் சுவரிலேயே நல்ல பெரிய ஜன்னலாக வைத்துவிட்டேன். மேடம் அதன் முன்னால் நின்று என்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா தெரியுது சார்" என்றார். அன்று சாயங்காலமே கல் வைத்து அடைத்து, அடைத்த தடமே தெரியாமல் பூசிவிட்டேன். நீயே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சுவருக்கு நான் பொறுப்பு. நம்பிக் கையெழுத்துப் போடு.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளர்ந்து உன்னைவிடக் கெட்டிக்காரர்களாக வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மருமகள் சாப்பிட வந்தாள். "சனிக்கிழமை பட்டனை யாரும்மா அழுத்தறது?" என்று சும்மா கேட்டேன். வேறு யாரோ ஒரு பிள்ளை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். "நான்தாம்பா. உள்ள நான் மட்டும்தான் இருப்பேன்" என்றாள். அவள் நாற்காலி அந்த அடைத்த ஜன்னலுக்கு நேர் பின்னால். மச்சான், நீ கையெழுத்துப் போடாதே. அவசரத்தில் அடைத்தது, பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் பிடிப்பே கிடையாது, பூச்சுதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாளைக் காலை கடப்பாறையோடு போகிறேன், பிள்ளைகள் திட்டினால் திட்டட்டும். முழுச் சுவரையும் புதிதாகக் கட்டிவிடுகிறேன், இறுக ஒரு வாரம் வேண்டும். இந்தச் சனிக்கிழமை வேண்டாம், அதற்கு அடுத்த சனிக்கிழமை வா, மாதம் முடிய ஒரு நாள் மிச்சம் இருக்கும். வந்ததும் நீயே ஒரு கம்பியால் குத்திப் பார். யார் வீட்டுப் பிள்ளையோ உட்காரப் போகிறது என்றிருந்தவரை அந்தச் சுவர் எப்படி உறுதியாக இருந்தது என்று மட்டும் கேட்காதே. உன் அக்கா கேட்டுவிட்டாள்.