சீட்டு ஒட்டாத வீடு

“ஆளே இல்லாத வீட்டுல, வெறும் சாமானைப் பாத்தே கதை புரிஞ்சிடுமா?” என்று கல்யாணமான புதிதில் கணவன் அவளைக் கேட்டான்.

“கண்ணு இருந்தா போதும். சீட்டு எழுதி ஒட்டிக் கதை சொல்றதெல்லாம் சோம்பேறிங்க வேலை,” என்றாள்.

வீடியோ கேம்களுக்கு வீடு அமைப்பது அவள் தொழில். விளையாடுபவர் அறை அறையாகச் சுற்றிப் பார்ப்பார். அங்கே கிடக்கும் பொருட்களே கதை சொல்ல வேண்டும். இந்த முறை கேட்டது, சந்தோஷமான தம்பதி வாழும் வீடு. நுழைந்ததும் மனசு லேசாக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரமாக அந்த வீடு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

திரையில் இருந்த வீட்டின் மேசையில் இரண்டு காபிக் கோப்பைகள் வைத்தாள். விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும், அலுவலகத்தில் ‘கண்ணாடி’ என்று பட்டப்பெயர் பெற்ற மனிதர் உற்றுப் பார்த்தார்.

“ஒண்ணுல விஷம்.”

கோப்பைகளை எடுத்துவிட்டுக் கல்யாணப் போட்டோவை மாட்டினாள்.

“ஐயோ பாவம். யாரு செத்தது? அவரா, அந்தம்மாவா?”

போட்டோவுக்குக் கீழே பூச்சாடி வைத்தாள்.

“ரெண்டு பேருமா!”

பூச்சாடியைத் தூக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விட்டாள். கண்ணாடி வெளியே எட்டிப் பார்த்தார்.

“இங்கேருந்துதான் தள்ளிவிட்டிருக்காங்க.”

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறமும் இந்த வீட்டுல சாவு விழுந்துச்சுன்னா வீட்டையே தூக்கிடுவாங்க. உன்னையும் சேத்துத்தாம்மா.”

அவளுக்குக் கண் எரிந்தது. இனி யோசிக்கத் தெம்பில்லை. சொந்தமாக ஒரு சந்தோஷமான வீடு இருக்கும்போது, எதற்கு இன்னொன்றைக் கற்பனை செய்து சாக வேண்டும்?

மதியம் வீட்டுக்கு ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லா அறைகளையும் படபடவென்று போட்டோ எடுத்தாள். கணவன் வேலைக்குப் போயிருப்பான். அவன் தூக்கம் கெடக் கூடாதென்று இந்த இரண்டு வாரமும் அவள் கூடத்துச் சோபாவிலேயே முடங்கி, விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். அவ்வளவு அக்கறை.

பல் பிரஷ், அலமாரி, கட்டில், ஃப்ரிட்ஜ் கதவு வரை போட்டோவில் இருந்தபடியே திரையில் ஏற்றினாள். ஒரு துரும்பையும் மாற்றவில்லை.

“எனக்கு இனிமே எந்த வீட்டைப் பாத்தாலும் பொணம்தான் தெரியும். வேற ஆளைப் பாருங்க,” என்று கண்ணாடி கையை விரித்தார். அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முப்பது வருஷம் அடுத்தவர் வீடுகளில் வேலை செய்தவர்.

அக்கா நிதானமாக ஒவ்வோர் அறையாகச் சுற்றினார்.

“யாராச்சும் செத்திருக்காங்களாக்கா?” மேலாளர் பயந்துகொண்டே கேட்டார்.

“சேச்சே, யாரும் சாகலை.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பிரஷ் ஒண்ணுதான் இருக்கு. அலமாரி பாதி காலி. போர்வை மடிப்புகூடக் கலையலை, மேல தூசி படிஞ்சு கிடக்கு. வீட்டுக்காரர் கிளம்பிப் போயி பத்து நாளாவது இருக்கும். அந்தம்மாதான் இன்னும் பாக்கலை.”

“அதெப்படிக்கா பாக்காம இருப்பாங்க?” கண்ணாடி சிரித்தார்.

அக்கா ஃப்ரிட்ஜ் பக்கம் போய் நின்றார். “பாவம் மனுஷன், இவ்ளோ பெரிய சீட்டா எழுதி ஒட்டியிருக்காரு. பாத்திருந்தா கிழிச்சிருக்க மாட்டாங்களா?”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.